சர்க்கரை நோட்டைப் படிக்கும் வைத்தியர்

சர்க்கரை வியாதிக்காரர் ஒருவர் தம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, விரல் நுனியில் ஊசியால் குத்தி, அரும்பி வரும் ஒரு துளி இரத்தத்தை ஸ்ட்ரிப்பில் தொட்டுவைத்து, சில விநாடிகளில் சிறிய மெஷினில் எண் ஒன்று தோன்றக் காண்பது, இன்று எங்கள் ஓட்டப்பிடாரம் வட்டாரத்துக் கரிசல் கிராமங்களில்கூட அபூர்வமான காட்சி அன்று. திருப்பூரிலோ துபாயிலோ வேலை பார்க்கும் மகன் ஊருக்கு வரும்போது வாங்கிவந்து கொடுத்த மெஷின் பல வீடுகளில் சாமி படத்துக்குக் கீழே பத்திரமாக இருக்கிறது. ஆனால் அந்த எண்ணைக் கண்ட பிறகு அவர் என்ன செய்கிறார் என்று சற்று நெருங்கி விசாரித்தால் மனம் கலங்குகிறது. எண் குறைவாக வந்தால், இன்று சுகர் இறங்கிவிட்டது என்று மகிழ்ந்து கூடுதலாக இரண்டு இட்லி சாப்பிடுகிறார். மிகுதியாக வந்தால் பயந்துபோய் இரவுச் சாப்பாட்டை விட்டுவிடுகிறார், அல்லது யாரையும் கேளாமல் இன்னும் அரை மாத்திரையைச் சேர்த்து விழுங்குகிறார். பத்து நாள் தொடர்ந்து மிகுதியாகவே வந்தால் மெஷினைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறார்.

இதில் அவர் குற்றம் எதுவும் இல்லை. குத்தச் சொன்னவர்கள் பலர் இருந்தார்கள். குத்திக் கண்ட எண்ணுக்கு அர்த்தம் சொல்ல ஒருவரும் இல்லை. அந்த எண்கள் ஒரு நோட்டில் ஏறி, அந்த நோட்டு உள்ளூர் ஆஸ்பத்திரியின் பொது வைத்தியருடைய மேஜையை அடைந்து, அவர் அதைப் படித்து, படித்ததன் பயனாக மருந்திலோ ஆகாரத்திலோ ஒரு மாற்றத்தைச் சொல்லாதவரையில், விரலில் ஏற்ற குத்துகள் அத்தனையும் வீண் வேதனையே என்பது என் திடமான அபிப்பிராயம். அதை விரித்துச் சொல்லவே இந்தப் பதிவு.

இந்தச் சோதனை நோயாளியின் கைக்கு வந்த வரலாறே சுவையானது. முன்பெல்லாம் நீரிழிவைக் காண்பதற்குச் சிறுநீரைப் பெனடிக்ட் திரவத்தோடு சேர்த்துச் சோதனைக் குழாயில் காய்ச்சுவார்கள். நீலநிறம் பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் செங்கல் நிறமானால் சர்க்கரை மிகுதி என்று அர்த்தம். இரத்தத்தில் சர்க்கரை டெசிலிட்டருக்கு ஏறக்குறைய 180 மில்லிகிராமைத் தாண்டினால்தான் அது சிறுநீரில் இறங்கும். ஆகையால் அந்தச் சோதனை சொல்லியது மிகவும் பிந்திய செய்தி, அதுவும் பாதிச் செய்தி. சென்னையில் டாக்டர் எம். விஸ்வநாதன் 1948-இல் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் நீரிழிவுக்கென்று தனிப் பிரிவு தொடங்கியபோதும், 1954-இல் ராயபுரத்தில் தனி ஆஸ்பத்திரி நிறுவியபோதும், வீட்டிலேயே இரத்தத்தைச் சோதிக்கும் வசதி எந்த நோயாளிக்கும் இல்லை. இரத்தத்தைத் தொட்டுப் பார்க்கும் ஸ்ட்ரிப் 1960-களின் நடுவிலும், அதைப் படித்து எண் காட்டும் இயந்திரம் 1970-ஐ ஒட்டியும் அமெரிக்காவில் வந்தன. அந்த இயந்திரத்தை வைத்தியர்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் மட்டுமே விற்றார்கள். சிறுவயது முதல் நீரிழிவால் துன்புற்ற ரிச்சர்டு பெர்ன்ஸ்டீன் என்ற என்ஜினீயர், வைத்தியராக இருந்த தம் மனைவியின் பேரில் அதை வாங்கி, தம் இரத்தத்தைத் தாமே நாள்தோறும் பலமுறை சோதித்து, இன்சுலின் அளவையும் ஆகாரத்தையும் அதற்கேற்ப மாற்றி உடம்பைத் தேற்றிக்கொண்டார். அவர் சொன்னதை அக்காலத்து வைத்திய உலகம் செவிமடுக்காததால், நடுவயதில் வைத்தியக் கல்லூரியில் சேர்ந்து தாமே வைத்தியரும் ஆனார். சோதித்தவரும், எண்ணைப் படித்தவரும், மருந்தை மாற்றியவரும் அங்கே ஒருவரே. நம் கிராமத்து நோயாளிக்கு முதல் வேலையைக் கையில் கொடுத்துவிட்டோம். மற்ற இரண்டும் எங்கே நடக்க வேண்டும் என்பதுதான் கேள்வி.

நோயின் அளவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளிவந்த தேசிய ஆய்வின்படி இந்தியாவில் நீரிழிவு உடையவர்கள் 10 கோடிக்கு மேல். தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 சதவீதம். 2020-இல் தமிழக அரசுக்காக எடுக்கப்பட்ட கணக்கெடுப்பு இதனினும் வருந்தத்தக்க செய்தி ஒன்றைச் சொல்லியது: நீரிழிவு உடையவர்களில் சர்க்கரை கட்டுக்குள் இருந்தவர்கள் 10.8 சதவீதமே. ஒன்பது பேரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். மாத்திரை எங்கும் கிடைக்கிற மாநிலத்தில் கட்டுப்பாடு இவ்வளவு அரிதாக இருப்பதற்குக் காரணம் மருந்தின் குறை மட்டுமாக இருக்க முடியாது.

இங்கே இரண்டு ஆராய்ச்சிகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இரண்டும் பெரிய நிபுணர்களின் மாளிகைகளில் நடவாமல், சாதாரணப் பொது வைத்தியர்களின் அறைகளில் நடந்தவை. அமெரிக்காவின் வட கரோலினாவில் 15 பொது மருத்துவ நிலையங்களில், இன்சுலின் போடாத 450 நோயாளிகளை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினர் வீட்டில் சோதிக்கவே இல்லை; இன்னொரு பிரிவினர் நாளுக்கு ஒருமுறை சோதித்தார்கள்; மூன்றாம் பிரிவினருக்கு மெஷினே ஊக்கமூட்டும் செய்திகளையும் அனுப்பியது. ஓர் ஆண்டு கழித்துப் பார்த்தபோது மூன்று மாத சராசரிச் சர்க்கரையில் மூன்று பிரிவினருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேற்றுமை இல்லை. 2017-இல் இம்முடிவு வெளிவந்ததும், மாத்திரை மட்டும் சாப்பிடுகிறவர்கள் வீட்டில் சோதிப்பதே வீண் என்று பலர் தீர்மானித்துவிட்டார்கள்.

அது அவசரத் தீர்மானம் என்று நான் நினைப்பதற்கு 2011-இல் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சி காரணம். அதில் 34 பொது மருத்துவ நிலையங்களில், இன்சுலின் தொடங்காத, சர்க்கரை கட்டுக்கு வராத 483 பேர் பங்குகொண்டார்கள். ஒரு பிரிவினரை நாள்தோறும் குத்திக்கொள்ளச் சொல்லவில்லை. வைத்தியரைப் பார்க்க வருவதற்கு முன்னால் தொடர்ந்து மூன்று நாள், ஒவ்வொரு வேளை உணவுக்கு முன்னும் பின்னும் உறங்கப் போகும்போதுமாக நாளுக்கு ஏழு முறை சோதித்து, என்ன சாப்பிட்டோம், எவ்வளவு நடமாடினோம் என்பதையும் சேர்த்து ஒரே தாளில் குறித்து வரச் சொன்னார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இது. அந்தத் தாளைப் படிப்பதற்கும், படித்து மருந்தை மாற்றுவதற்கும் வைத்தியர்களுக்குத் தனிப் பயிற்சி கொடுத்தார்கள். முதல் மாதச் சந்திப்பிலேயே இப்பிரிவினரில் நான்கில் மூன்று பங்கினருக்குச் சிகிச்சையில் மாற்றம் சொல்லப்பட்டது. வழக்கமான முறையில் இருந்தவர்களில் அது 28 சதவீதமே. ஆண்டு இறுதியில் மூன்று மாத சராசரி இவர்களுக்கு 1.2 சதவீதப் புள்ளியும் மற்றவர்களுக்கு 0.9 சதவீதப் புள்ளியும் குறைந்திருந்தது. ஸ்ட்ரிப் விற்கும் கம்பெனி ஒன்றின் பொருளுதவியில் நடந்த ஆராய்ச்சி இது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஆகவே இதைச் சற்று நிதானமாகவே எடுத்துக்கொள்ளலாம். ஆயினும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது உண்மை தெளிவாகிறது. முதலாவதில் எண் நோயாளியோடு நின்றது. இரண்டாவதில் அது வைத்தியரின் கையை அசைத்தது.

வைத்தியர் கண்ணுக்கு வரும் ஒற்றை எண்ணைக் கொண்டு, அதுவும் ஆஸ்பத்திரிக்கு வருகிற நாளில் பயபக்தியோடு பட்டினி கிடந்து வருபவரின் வெறுவயிற்று எண்ணைக் கொண்டு, அவருடைய மூன்று மாத வாழ்க்கையை மதிப்பிடுவது, ஒருநாள் வலையில் விழுந்த மீனைக் கொண்டு அந்தப் பருவத்து மீன்பாட்டையெல்லாம் கணிப்பதற்குச் சமானம். நோட்டு இருந்தால் கதையே வேறு. காலை வெறுவயிற்றில் சரியாக இருந்து மதியச் சோற்றுக்குப் பிறகு மட்டும் ஏறுகிறதா, இரவெல்லாம் ஏறியிருந்து காலையிலும் இறங்காமல் நிற்கிறதா, விடியற்காலையில் அபாயகரமாக இறங்குகிறதா என்பவை மூன்றும் வெவ்வேறு சிக்கல்கள்; மூன்றுக்கும் சிகிச்சை வெவ்வேறு. பொதுவாக வெறுவயிற்றில் 80 முதல் 130 வரையிலும், சாப்பிடத் தொடங்கி இரண்டு மணி நேரம் கழித்து 180-க்குள்ளும் இருப்பது பலருக்கு உகந்தது என்பார்கள். 70-க்குக் கீழே போனால் அது தாழ்சர்க்கரை. வயது முதிர்ந்தவருக்கும், இருதயமோ சிறுநீரகமோ பழுதுற்றவருக்கும் இந்த வரம்பைத் தளர்த்தி வைப்பதும் வைத்தியரின் கடமை. இன்னாருக்கு இன்ன அளவு என்பதை நோட்டின் முதல் பக்கத்தில் அவர் தம் கைப்பட எழுதிக்கொடுத்துவிட்டாலே பாதிப் பயம் தீர்ந்துவிடும்.

எங்கள் குடும்பத்துப் பெரியப்பா ஒருவரோடு ஆஸ்பத்திரிக்குப் போன ஒருநாள், இதை எப்படிச் செய்ய வேண்டும் என்பதை நான் கண்ணாரக் கண்டேன். பனங்காட்டோடு பழகி வளர்ந்த மனிதர் அவர். கருப்பட்டிக் காப்பியை விடச் சொன்ன வைத்தியர்கள் அனைவரையும் அவர் விட்டுவிட்டார்.

“கருப்பட்டி பனையிலேருந்து வாரதுல்லா டாக்டர், அது ஒண்ணும் செய்யாது. சீனிதான் கெடுதல்” என்றார்.

அந்த இளம் வைத்தியர் வாதம் செய்யவில்லை. முகம் சுளிக்கவும் இல்லை. “சரிங்க ஐயா, நீங்க சொல்றது சரியான்னு நாம ரெண்டு பேருமே பார்த்துடுவோம். நாளைக்குக் காப்பிக்கு முன்னால ஒரு தடவை, குடிச்சு ரெண்டு மணி நேரம் கழிச்சு ஒரு தடவை பாருங்க. நடுவுல வேற ஒண்ணும் சாப்பிட வேண்டாம். மறுநாள் கருப்பட்டி இல்லாம அதே காப்பியைக் குடிச்சுட்டு அதே மாதிரி பாருங்க. நாலையும் எழுதிட்டு வாங்க” என்றார்.

அடுத்த முறை போனபோது, வைத்தியர் கேட்பதற்கு முன்னாலேயே பெரியப்பா நோட்டை விரித்துவைத்தார். “நீங்க சொல்ல வேண்டாம் டாக்டர், நானே பாத்துட்டேன். முதல் நாள் 142 இருந்தது 231 ஆயிட்டு. மறுநாள் அவ்வளவு ஏறல” என்று அவரே சொல்லிவிட்டார். பதநீரைக் காய்ச்சி எடுக்கும் கருப்பட்டியில் பெரும்பங்கு சுக்ரோஸ்தான், சீனியில் இருப்பதும் அதுவே என்ற உண்மையை எத்தனையோ முறை காதில் ஓதியும் ஏறாத மனத்தில், தம் விரலிலிருந்து தாமே எடுத்த துளி ஏற்றிவிட்டது. நோயாளியைக் கண்டிப்பதற்கு எண்ணைப் பயன்படுத்தும் வைத்தியருக்கும், நோயாளியோடு சேர்ந்து ஆராய்வதற்கு அதைப் பயன்படுத்தும் வைத்தியருக்கும் உள்ள வேற்றுமை இதுதான். கண்டிக்கப்பட்டவர் அடுத்த முறை பொய் எண்ணை எழுதி வருவார். இதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

எங்கள் கடற்கரைப் பிரதேசத்தில் தொழிலை அறியாமல் நோட்டைப் படிக்க முடியாது. வேப்பலோடை, தருவைகுளம் பக்கத்து உப்பளங்களுக்கு வெயிலுக்குப் பயந்து விடியுமுன்னே வேலைக்குக் கிளம்பும் பெண்ணை எண்ணிப் பாருங்கள். காலையில் சாப்பாட்டுக்கு முன் போடு என்று சொல்லிக்கொடுத்த கிளிபென்கிளமைடு மாத்திரையை அவள் இருட்டில் விழுங்கிவிட்டு, வெறும் வயிற்றோடு உப்பு வாரத் தொடங்குகிறாள். கஞ்சி குடிப்பதோ நன்றாக வெயில் ஏறிய பிறகு. இடையில் தலை சுற்றி, வியர்த்து, கை நடுங்கினால் வெயில் என்றே எல்லோரும் நினைப்பார்கள். அந்த நேரத்து எண் ஒன்று நோட்டில் இருந்தால், மாத்திரையை மாற்றுவதற்கோ, வேளையைத் தள்ளுவதற்கோ, அளவைக் குறைப்பதற்கோ வைத்தியருக்குப் போதும். இல்லாவிட்டால் ஆஸ்பத்திரியில் எடுத்த மிகுதியான எண்ணைப் பார்த்து அதே மாத்திரையைக் கூட்டிவிடுவார். அவள் உப்புப் பாத்தியிலேயே மயங்கி விழுவாள். அவளுடைய பாதங்களையும் அவர் பார்க்க வேண்டும். உப்புநீரில் வெடித்த பாதத்தில் உணர்ச்சியும் மங்கியிருந்தால், சிறு காயம் விரலையே வாங்கிவிடும்.

பல நாள் தங்கல் தொழிலுக்குப் போகும் மீனவருக்கு வேறு விதமான அறிவுரை வேண்டும். இன்சுலினைக் கெடாமல் வைக்க வேண்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, படகில் மீனுக்கு வைத்திருக்கும் ஐஸ்கட்டிக்குள்ளேயே அதைப் புதைத்துவிடுகிறவர்கள் உண்டு. உறைந்துபோன இன்சுலின் பயனற்றது. மீண்டும் உருகினாலும் அதன் சக்தி திரும்பாது. ஐஸைத் தொடாமல், துணி சுற்றிய டப்பாவில் வைக்க வேண்டும் என்று ஒரு வார்த்தை முன்னமே சொல்லியிருந்தால், கரைக்கு வந்து பார்க்கும் எண் ஏன் வானத்தைத் தொடுகிறது என்று இருவரும் திகைக்க வேண்டியதில்லை. குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் ஈரமணல் நிரப்பிய மண்பானையில் சிறு பாத்திரத்தை வைத்து அதில் இன்சுலினைப் பாதுகாப்பது, வெயில் வெப்பத்தைக் கணிசமாகத் தணிக்கும் நல்ல வழி.

சோதிக்கும் முறையையும் வைத்தியரோ செவிலியரோ ஒருமுறையாவது தம் எதிரில் செய்யச் சொல்லிப் பார்க்க வேண்டும். மாம்பழம் நறுக்கிய கையோடு குத்தினால் விரலில் ஒட்டிய சர்க்கரையும் கணக்கில் சேரும். ஆகவே சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்த பிறகே குத்த வேண்டும். விரலின் நடுவில் குத்துவதைவிடப் பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு. மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன விரல்களுக்கு இது மிகவும் அவசியம். ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்து வைத்தால் கடற்காற்றின் ஈரம் பட்டு அவை கெடும். தேதி கடந்தவை பிழையான எண்ணைக் காட்டும். சோகை உடையவர்களுக்கு மெஷின் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். இரும்புச் சத்துக் குறைவு மூன்று மாத சராசரிச் சோதனையையும் ஏற்றிக் காட்டும். நம் கிராமப் பெண்களில் சோகை எவ்வளவு சாதாரணம் என்பதை நினைத்தால், இரண்டு எண்களும் பொருந்தாதபோது ஹீமோகுளோபினையும் பார்க்கச் சொல்லும் வைத்தியரே நல்ல வைத்தியர். தாழ்சர்க்கரை கண்டால் 15 கிராம், அதாவது மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிஷம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும் என்பதை நோயாளிக்கு மட்டுமன்றி வீட்டாருக்கும் சொல்லிவைக்க வேண்டும்.

இவ்வளவையும் நாலைந்து நிமிஷத்தில் ஒரு வைத்தியர் எப்படிச் செய்வார் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. காலை நேரத்தில் எந்த அரசு ஆஸ்பத்திரியின் சீட்டு வரிசையையும் பார்த்தவர்கள் வைத்தியரைக் குறை சொல்ல மாட்டார்கள். அதற்கு விடை நம் மாநிலத்திலேயே பாதி உருவாகியிருக்கிறது. 2021 ஆகஸ்டு 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ், மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு வீடாகச் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் சோதித்து, மாத்திரைகளையும் கையில் கொடுத்துவிட்டு வருகிறார்கள். 2024-இல் ஐக்கிய நாடுகள் சபையின் விருதும் இதற்குக் கிடைத்தது. மாத்திரைக்காக ஒருநாள் கூலியை இழந்து பஸ் ஏறிய ஏழைக்கு இது எவ்வளவு பெரிய உபகாரம் என்பதை நான் நேரில் அறிவேன். “ஆச்சி, நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டிய?” என்று உரிமையோடு கேட்கும் அந்த ஊர்ப்பெண்ணிடம் எங்கள் கிழவிகள் சொல்லும் உண்மையை வைத்தியரிடம் சொல்ல மாட்டார்கள். அவள் குறிக்கும் எண் அவள் கைப்பேசிப் பதிவில் ஏறுவதோடு நில்லாமல், நோயாளியின் சொந்த நோட்டிலும் ஏறி, அதில் ஐயத்துக்குரிய எண்களை அவளோ செவிலியரோ சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்தால், வைத்தியர் அரை நிமிஷத்தில் அந்தப் பக்கத்தைப் படித்துவிடலாம்.

மீதிப் பாதி பணத்தைப் பற்றியது. ஸ்ட்ரிப் ஒன்றின் விலை ஏறக்குறைய 15 முதல் 25 ரூபாய் வரை. ஊரக வேலைத் திட்டத்தில் 2024-25-இல் தமிழ்நாட்டின் நாட்கூலி 319 ரூபாய் என்று நிர்ணயித்திருந்தார்கள். அதில் நாளுக்கு ஏழு ஸ்ட்ரிப் என்பது கூலியில் பாதியைக்கூட விழுங்கக்கூடும். ஆகையால் எல்லோருக்கும் எப்போதும் என்று கேட்பதில் நியாயமில்லை. மெட்பார்மின் மட்டும் சாப்பிட்டுச் சர்க்கரை கட்டுக்குள் இருப்பவருக்கு நித்திய சோதனை தேவையே இல்லை என்று வைத்தியர் தைரியமாகச் சொல்லலாம். சிறுவயதிலேயே நீரிழிவு கண்ட குழந்தைகள், கர்ப்பிணிகள், இன்சுலின் போடுகிறவர்கள், தாழ்சர்க்கரையை உண்டாக்கக்கூடிய மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஆகிய இவர்களுக்கு மட்டுமாவது ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே, மாத்திரை கொடுக்கும் ஜன்னலிலேயே, ஸ்ட்ரிப்பும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். இன்சுலினை இலவசமாகக் கொடுத்துவிட்டு அதை அளந்து போடுவதற்கான கண்ணைக் கொடுக்காமல் விடுவது அரைகுறைச் சிகிச்சை.

இதைப் படிக்கும் உங்கள் வீட்டில் சர்க்கரை உடையவர் ஒருவர் இருந்தால், பத்து ரூபாய் விலையில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். தேதி, நேரம், சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, எண், அன்று உண்ட ஆகாரம் என்று ஐந்து கட்டம் போட்டுக் கொடுங்கள். அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்திய மூன்று நாள் மட்டும் அவர் எழுதட்டும். வந்த எண்ணை வந்தபடியே எழுதட்டும். கூடவே போய், சீட்டை நீட்டுவதற்கு முன்னால் அந்தப் பக்கத்தை விரித்து வைத்தியரின் முன்னே வைத்து, “இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க டாக்டர்” என்று கேளுங்கள்.